எல்லா வகுப்பிலும் ஓவியா

செண்பகா மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை, எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் ஓவியா உட்கார்ந்திருந்தாள். வகுப்புக்கு ஒரு கீழக்காலனிப் பிள்ளையாவது இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளி சேர்த்துக்கொண்டதோ ஒரே ஒரு பிள்ளையை. அதனால் எல்லா இடத்திலும் அவளே உட்கார வேண்டியதாயிற்று.

மற்ற பிள்ளைகள் எல்லோரும் நகர் விரிவாக்கத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் அரசுப் பள்ளி. காலனிப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான். விரிவாக்கத்துப் பிள்ளை அங்கே மருந்துக்குக்கூடக் கிடையாது, அதை யாரும் வந்து எண்ணியதும் கிடையாது. நாகரிகமான ஊர் அது. யாரும் சாதி கேட்க மாட்டார்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

ஓவியாவின் அம்மா முனீஸ்வரி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தாள். மகளுக்கு செண்பகாவில் சீட்டு கிடைத்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவள் அவள். மகள் எல்லா வகுப்பிலும் உட்காருவது பற்றி அவளுக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கவில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் பிள்ளை மேல்தான் சந்தேகம் வந்தது.

ஒரு நாள் இறங்கியவள் அல்ஜீப்ரா போட்டாள். மறுநாள் இறங்கியவளுக்கு 'அ' எழுத வரவில்லை. அதையெல்லாம்கூட முனீஸ்வரி பொறுத்துக்கொண்டாள். ஆனால் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்தபோது வந்திருந்தவள் மூக்கைப் பொத்தினாள். ராத்திரி தூக்கத்தில் அம்மா மேல் காலைப் போடாமல் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தாள். முனீஸ்வரி விளக்கைப் போட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை, அதுதான் அவள் சந்தேகத்தைக் கூட்டியது.

அவள் புருஷன் ராசையா லாரி ஓட்டுகிறவன். எது வந்தாலும் சோற்றைப் போடு, பிள்ளைதானே என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான். வாயும் வயிறுமாக இருந்தது இவனா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

"வீட்டுக்கு வாரது எம்புள்ள இல்ல மேடம்" என்றாள்.

பிரின்சிபால் மீனலோசனி மறுக்கவில்லை. மணி அடிக்கும்போது வேனுக்குப் பக்கத்தில் எந்த ஓவியா நிற்கிறாளோ அவளை ஏற்றிவிடுவதுதான் வழக்கம் என்றும், மற்றவர்கள் லைப்ரரியில் படுத்துக்கொள்கிறார்கள் என்றும் விளக்கினார். அசல் எதுவோ அதை முனீஸ்வரி தாராளமாகக் கூட்டிப் போகலாம். மற்றதெல்லாம் பள்ளியுடையது. ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது.

"வியாழக்கிழமை வகுப்பு வகுப்பா கணக்குப் பார்க்க ஆபீசர் வர்றாரும்மா. நீங்க கூட்டிட்டுப் போற எடத்துல உங்க தெரு ஆள் ஒருத்தர் இருக்கணும்."

"யாரா இருந்தாலுமா?"

"தெருதானம்மா கணக்கு."

முனீஸ்வரி எட்டாம் வகுப்பிலிருந்து தேடத் தொடங்கினாள். கடைசி பெஞ்சில் மோவாய்கூட மேசைக்கு எட்டாமல் ஓர் ஓவியா இருந்தாள். எழுந்து "குட் மார்னிங் ஆன்ட்டி" என்றாள். ஏழாம் வகுப்பு ஓவியாவும் அதையே சொன்னாள். ஆறிலும் ஐந்திலும் அதே மரியாதைதான். ஒவ்வொரு கதவாகத் தாண்டத் தாண்ட முனீஸ்வரிக்கு, அசல் என்று ஒன்றை இவர்கள் மிச்சம் வைத்திருக்கிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

எல்.கே.ஜி. ஓவியா எழுந்து நிற்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து இடுப்பில் ஓங்கிக் குத்தினாள்.

"வாசல்லயே நிக்கேன்னு சொல்லிட்டுத்தான போன? எங்க போன?"

சேர்த்த அன்று அம்மா சொன்னது அது. சொல்லிவிட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நழுவி, தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடியிருந்தாள். முனீஸ்வரி அங்கேயே உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கே சாலையைத் தாண்டிப்போய் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை முனீஸ்வரி தன் அளவுக்குத் தைத்த யூனிபாரத்தில், டை கட்டி, எல்.கே.ஜி.யின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாயில் இடித்தது. டீச்சர் பெயர் வாசித்தபோது "ஓவியா" என்றதற்கு "பிரசென்ட் மிஸ்" என்றாள். பக்கத்து நாற்காலிப் பையன் தன் ரப்பரை எடுத்து நகர்த்தி வைத்துக்கொண்டான்.

ஆபீசர் மேல் வகுப்புகளை முடித்துவிட்டுக் கடைசியாக வந்தார். எங்கும் சரியாக இருந்ததால் முகம் மலர்ந்திருந்தது. முனீஸ்வரியிடம் வந்ததும் நின்று, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இவர் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளையைத் திருப்பிக் கேட்பார்களே என்று பயந்தாள்.

டை கோணலாக இருந்தது. அதை அவர் நேராக்கிவிட்டார்.

"பாப்பா எந்தத் தெரு?"

"கீழக்காலனி சார்."

அவர் டிக் போட்டுக்கொண்டார். பிறகு அவள் கன்னத்தில் தட்டி, பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. முனீஸ்வரி யோசித்தாள். ஆபீசர் அவசரப்படுத்தாமல் நின்றார்.

"டாக்டர் சார்" என்றாள்.

கை தட்டுங்கள் என்றார் அவர். பிள்ளைகள் தட்டினார்கள்.