ஆறாவது நொட்டை

1

என் தங்கையின் அடுத்த இருபது வருடத்துக்கு விலை: ஒரு சொடுக்கு. பேரம் கிடையாது. ஒரே விலைக் கடை.

குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிற பெண்களுக்கு ஒரு மென்பொருள் நிறுவனம் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுக்கிறதாம். விண்ணப்பத்தில் நான்கு பிரிவுகள்: டேட்டா, செக்யூரிட்டி, கிளவுட், டெஸ்டிங். ஒன்றை அழுத்த வேண்டும். கீழே பொடி எழுத்தில், 'பின்னர் மாற்ற இயலாது.' விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு.

எதை எடுப்பது என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கேட்ட சரக்கு கடையில் இல்லாதபோது வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பார்கள் அல்லவா, அப்படித்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஆளைக் கேட்காமல் அளவெடுக்கக் கூடாது என்று அவளுக்கே அனுப்பியும் வைத்தேன். அது தப்பாகப் போயிற்று. அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் அவள் குறை கண்டு எழுதியது.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, அவள் விண்ணப்பத்தைத் திறந்து

(நொட்டை 1: விண்ணப்பம் வந்ததே திங்கட்கிழமை. முடியறது வெள்ளி. நடுவுல சனிக்கிழமை எங்கேருந்து வந்துச்சு? மழையும் பெய்யல.)

அந்த வாக்கியம் அங்கேயே செத்தது. இரண்டாவது தொடக்கம்: செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு மேசை. மடிக்கணினியைச் சுற்றி மகளின் வண்ணப் பென்சில்கள். அவள் கணவர் நின்றுகொண்டே பேசினார். "டேட்டாவைப் போடு. இப்ப ஓடுற குதிரை அதுதான். டெஸ்டிங் எல்லாம் இனிமே மெஷினே பாத்துக்கும்." சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

(நொட்டை 2: நின்னுட்டு இருந்தவர் எப்ப உக்காந்தார்?)

உட்காரவே இல்லை. மாப்பிள்ளையை நிற்கவைத்தே அனுப்பிவிட்டேன். அடுத்து எங்கள் அம்மா: "அடுத்தவங்க செஞ்சதுல நொட்டை கண்டுபிடிக்க ஒரு பயிற்சியா? அதைத்தான் இவ பொறந்ததுலேருந்து சும்மாவே செய்றாளே!"

இதற்கு விளக்கம் தேவை. குழந்தை பிறக்கும் முன் ஐந்து வருடம் அவள் பார்த்த வேலை டெஸ்டிங். பிறர் எழுதிய மென்பொருள் வெளியே போவதற்கு முன்னால் அதைக் குடைந்து, எங்கே உடையும் என்று பார்ப்பது. ஆனால் வீட்டில் அவளுக்கு 'நொட்டை' என்ற பட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்தது. எங்களுடையது பொத்தான் மொத்த வியாபாரம். ஏழு வயதில் கடைக்கு வந்தவள், வாங்க வந்தவர் கையிலிருந்த பொத்தான் அட்டையை எட்டிப் பார்த்து, "மாமா, இதுல ஒண்ணுக்கு மூணு ஓட்டைதான் இருக்கு" என்றாள். அவர் வாங்காமல் மூட்டையையே வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆள் வந்தால் அவளை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். வியாபாரி வீட்டில் உண்மை பேசும் பிள்ளை பிறப்பது, நூல் மூட்டைக்குள் எலி பிறந்த மாதிரி.

(நொட்டை 3: ஏழு இல்ல, எட்டு வயசு. மூணு ஓட்டை இல்ல. அந்தப் பொத்தான்ல ஓட்டையே இல்ல.)

ஓட்டையே இல்லாத பொத்தான்! இதை நானாகக் கற்பனை செய்திருக்க முடியாது. திருத்திக்கொண்டேன்.

4

மூன்றாம் பகுதியில் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நன்றாகவே வந்திருந்தது.

(நொட்டை 4: நான் அழல. தலைக்குக் குளிச்சேன்.)

பகுதியை எடுத்துவிட்டேன். அம்மா ரொம்ப நேரம் குளித்தாள் என்று அவள் மகள் சொன்னதையும் எழுதவில்லை.

5

இனி முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் விரித்துவைத்தேன்.

முடிவு அ: டேட்டாவை அழுத்துகிறாள். வீடே நிம்மதியாகத் தூங்குகிறது. அவளைத் தவிர.

முடிவு ஆ: டெஸ்டிங்கை அழுத்துகிறாள். இரண்டு வருடம் கழித்து, மருந்து அளவைத் தப்பாகக் காட்டவிருந்த ஒரு மென்பொருளைப் பிடிக்கிறாள். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது.

(நொட்டை 5: யாரும் கைதட்ட மாட்டாங்க அண்ணா. நான் பிடிச்சுட்டா அது நடக்காது. நடக்காததுக்கு யார் கைதட்டுவா?)

 அரங்கத்தைக் காலி செய்தேன்.

6

வெள்ளி மாலை, ஐந்தேகால் மணிக்குப் போன் அடித்தது.

"இன்னொண்ணு இருக்கு. பெருசு."

"சொல்லு."

"அவர் பேசுறார். அம்மா பேசுறாங்க. நீ வாய் ஓயாமப் பேசுற. கதை என்னைப் பத்தி. ஆனா எட்டு வயசுக்கு அப்புறம் கதைக்குள்ள நான் ஒரு வார்த்தை பேசல."

"அதான் அடைப்புக்குறி போட்டு—"

"ஆமா. ஆள் வந்தா மாடிக்கு அனுப்புற மாதிரி."

வாயை விற்றுப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். பேரத்தில் இறங்கினேன்.

"சரி," என்றேன். "நல்லதா ஒரு வரி எழுதி உன் வாயில—"

"எழுதாத. இடம் விடு."

"எவ்வளவு?"

"ஒரு வரி."

"கதை ஏற்கெனவே நீளம். அரை வரி வச்சுக்கலாமே?"

"ஒரே விலை அண்ணா."

சிரித்தாள். வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்குச் சற்று முன்பு செய்தி வந்தது: 'அழுத்திட்டேன்.' எதை என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் விலை கேட்காமல் இருந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. கேட்டு, அவளுக்கு முன்னால் நானே உங்களிடம் சொல்லிவிட்டால் மறுபடி அவளை மாடிக்கு அனுப்பியதாகிவிடும். அவள் சொல்லட்டும். பொறுக்க முடியாதவர்கள் நிரப்பிக்கொள்ளலாம்; நிரப்பும் முன் அடைப்புக்குறிகளை மட்டும் இன்னொருமுறை படித்துவிடுங்கள்.

அவள் சொன்னாள்: " . . . . . . . . . . . . . . . . . . . . "

கண்ட நொட்டை ஆறு. திருத்தியது ஐந்து. பாக்கி, ஒரு வரி.