ராட்டினத்துக்கு ஒரு குடும்ப பாஸ்

அந்த வருஷம் பருத்தி நல்ல விலைக்குப் போயிற்று. மிளகாயும் கைகொடுத்தது. கல்யாணமாகிப் பத்து வருஷமாகக் குருவம்மாள் கேட்டுக்கொண்டிருந்த குற்றாலப் பயணத்துக்குப் பிச்சைமணி ஒருவழியாகத் தலையாட்டினான்.

கரிசல் ஊரான திருவேங்கடத்திலிருந்து பஸ் மாறி மாறித் தென்காசிக்கு வந்து இறங்கியவர்கள் ஏழு பேர். புருஷன், பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள் மூன்று, பிச்சைமணியின் அக்காள் மாடத்தி, அவள் மகள் உலகம்மாள். மாடத்தி தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தபோது உலகம்மாள் கைக்குழந்தை. இப்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிற வயசு. இத்தனை வருஷத்தில் மாடத்தி காட்டுக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. "நான் எதுக்கு? வீட்டைப் பாத்துக்கிடுதேன்" என்றவளைக் குருவம்மாள்தான் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் ஒரு வீட்டின் பாதியை நாலு நாளைக்கு வாடகைக்குப் பிடித்தார்கள். சட்டி பானையை இறக்கி வைத்ததும் நேரே அருவிக்கு நடந்தார்கள். மலையிலிருந்து கொட்டுகிற தண்ணீரைப் பார்த்து, கரிசக்காட்டுக் கிணற்றில் வாளி வாளியாக இறைத்தே பழகிய உலகம்மாள் வாய் பிளந்து நின்றாள்.

"அத்தை, இம்புட்டுத் தண்ணிக்கும் காசு கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க, போய் நில்லு!" என்று அவளை அருவிக்குள் தள்ளிவிட்டுக் குருவம்மாளும் கூடவே தலையைக் கொடுத்தாள்.

காசு கேட்கிற இடம் சாயங்காலம் வந்தது. சீசனுக்காக ரோட்டோரத் திடலில் தகரம் அடைத்துப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். உள்ளே ராட்டினம், குடை ராட்டினம், மோட்டார் சைக்கிள் சுற்றுகிற மரணக் கிணறு, ஆளைக் குள்ளமாகவும் ஒட்டடைக் கம்பாகவும் காட்டுகிற கண்ணாடி மாளிகை. வாசல் பலகையில் கட்டணம் மூன்று விதமாக எழுதியிருந்தது. உள்ளே போக மட்டும் ரெண்டணா. எதிலாவது ஏறினால் அங்கங்கே தனிக் காசு. அன்றைக்கு முழுக்க எல்லாவற்றிலும் ஏற ஆளுக்கு ஒரு ரூபாய், பிள்ளைகளுக்கு அரை. மூன்றாவதாக, குடும்ப பாஸ்: மூன்று சாயங்காலம், எத்தனை தடவை வேண்டுமானாலும், ஒன்பது ரூபாய்.

"ஒம்பது ரூவாயா!" பிச்சைமணி பின்வாங்கினான். "ரெண்டணாச் சீட்டே போதும். பிள்ளைகளை மட்டும் குடை ராட்டினத்துல ஒரு சுத்துச் சுத்தச் சொல்லுவோம். நமக்கு வேடிக்கை பாத்தாப் போதாதாட்டி?"

"இன்னைக்கு உங்க இஷ்டம்" என்றாள் குருவம்மாள். "நாளைக்கு நான் சொல்லுததக் கேக்கணும்."

அன்று அவள் எதிலும் ஏறவில்லை. ராட்டினத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு மணி வாக்கில் மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. சற்று நேரத்தில் வலுத்தது. ராட்டினம் நின்றுவிட்டது. ஒரு ரூபாய்ச் சீட்டு வாங்கியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்தார்கள் ராட்டினக்காரர்கள்.

திரும்பி நடக்கையில் குருவம்மாள் சொன்னாள்: "பாத்தியளா? குத்தாலத்துல மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? நம்ம ஏழு பேருக்கும் ஒருநாள் சீட்டுன்னா அஞ்சு ரூவா. மழை வந்தா அம்புட்டும் போச்சு. குடும்ப பாஸுன்னா ஒரு நாள் நனைஞ்சாலும் ரெண்டு நாள் மிச்சம் இருக்கு. அப்பவும் ஒரு ரூவா லாபந்தான்."

பிச்சைமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். மறுபடியும் எண்ணினான். "சரிதான்" என்றான்.

மறுநாள் நல்ல வெயில். திடல் வாசலில் நீண்ட வரிசை. சீட்டுக் கொடுப்பவன் குனிந்து ஏழு பேரையும் பார்த்தான்.

"இந்த அம்மா யாரு?"

"என் மயினி. அது அவங்க மக" என்றாள் குருவம்மாள்.

"அப்ப அவங்க ரெண்டு பேரும் தனி. குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, பிள்ளைக. அவங்களுக்கு வேற சீட்டு வாங்கணும்."

மாடத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விலகினாள். "நீங்க போங்க தாயி. என் மகளுக்கு மட்டும் ஒரு சீட்டு வாங்கு. நான் இங்கன உக்காந்திருக்கேன்."

அந்தக் குரலில் குறையே இல்லை. அதுதான் குருவம்மாளைச் சுட்டது. அவள் மாடத்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பலகையில குடும்பம்னுதான எழுதியிருக்கு? களை எடுக்கையில இவங்க எங்க குடும்பம். எனக்குப் பேறுகாலம் மூணும் பாத்தது இவங்க கைதான். அப்பல்லாம் குடும்பமா இருந்தவங்க, ராட்டினத்துல ஏறும்போது மட்டும் வேத்தாளா? இவங்க இல்லாம நாங்க ஒருத்தரும் உள்ள வரமாட்டோம். வழியை விட்டு நகரவும் மாட்டோம்!"

வரிசை நின்றுபோனது. சத்தம் கேட்டுப் பொருட்காட்சி முதலாளி சிவனணைந்தபெருமாள் குடையும் கையுமாக வந்தார். தென்காசிக்காரர்; கனத்த உடம்பு. விஷயத்தைக் கேட்டவர் குருவம்மாளை விட்டுவிட்டு மாடத்தியிடம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க வீட்டுல அடுப்பு எத்தனை?"

மாடத்தி தலை நிமிரவில்லை. ஆனால் பதில் தெளிவாக வந்தது.

"ஒண்ணுதான் அண்ணாச்சி. விடியக்காலம் நான் பத்தவைப்பேன். ராத்திரி அவ அணைப்பா."

முதலாளி தலையை ஆட்டினார். பிறகு சீட்டுக் கொடுப்பவனைப் பார்த்து, "ஒரே அடுப்புன்னா ஒரே குடும்பந்தாம்வே. ஏழு பேருன்னு எழுதிக் குடும்" என்றார்.

"எங்க வீட்டுலயும் ஒரே அடுப்புதான் அண்ணாச்சி!" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "நாங்க பதினோரு பேரு!"

"அப்ப நாங்க?" என்று இன்னொரு குரல். வரிசை முழுக்கச் சிரிப்பு. கொழுந்தன், ஓரகத்தி, மாமியார் என்று ஆளைக் கூட்டிக்கொண்டு குடும்ப பாஸ் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளிக்கு முதலில் திகைப்பு. ஒன்பது ஒன்பதாகக் காசு விழுகிற சத்தம் கேட்டதும் மீசைக்குள் சிரித்தார். "சுண்ணாம்பு கொண்டாங்கலே" என்று சத்தம் கொடுத்தார். குடும்ப பாஸ் என்று எழுதியிருந்ததற்குக் கீழே, "ஒரே அடுப்பில் உண்போர் அனைவரும்" என்று புதிதாக ஒரு வரி ஏறியது.

ராட்டினக் கூண்டில் குருவம்மாளும் மாடத்தியும் அருகருகே உட்கார்ந்தார்கள். எதிரே உலகம்மாள். மற்ற பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பிச்சைமணி பின் கூண்டில் கண்ணை இறுக மூடியிருந்தான். கூண்டு அசைந்து கிளம்பியதும் மாடத்தி கம்பியைக் கட்டிப்பிடித்தாள். பாதி உயரத்தில் "ஆத்தீ!" என்றாள். கூண்டு உச்சிக்குப் போய் நின்றது. கீழே விளக்குகள், அந்தப் பக்கம் தென்காசிக் கோபுரம், இந்தப் பக்கம் கறுத்த மலையில் வெள்ளைக் கோடாக அருவி. காற்று அவள் வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலையிலிருந்து உருவிப் பறக்கவிட்டது. அவள் அதை இழுத்து மூடவில்லை.

கூண்டு சடாரென்று கீழே இறங்கியபோது மாடத்தி சிரித்தாள். பத்து வருஷத்தில் குருவம்மாள் கேட்டிராத சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்த முடியாத சிரிப்பு. உலகம்மாள் தன் அம்மாவைப் புது ஆளைப் போலப் பார்த்தாள்.

ராட்டினம் நின்றது. பிச்சைமணி தள்ளாடி இறங்கித் தரையைத் தொட்டுக் கும்பிட்டான். மாடத்தி இறங்கவில்லை. கதவைத் திறந்தவனிடம், "இன்னொரு சுத்து ஏறலாமாய்யா?" என்று கேட்டாள்.

"பாஸ் இருக்குல்லா? திடலைச் சாத்துத வரைக்கும் சுத்துங்க ஆச்சி."

"கதவை அடைங்க அப்ப" என்றாள் குருவம்மாள், மயினியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு.