மீன் வேனுக்கு ஒரு செட்டு

என் வேனில் இருந்த பாட்டு செட்டு செத்து இரண்டு வருடம் ஆகிறது. உப்புக் காற்று தின்றுவிட்டது. அதற்காக நான் அழவில்லை. பாட்டில்லாமல் வண்டி ஓடும், பெட்ரோல் இல்லாமல்தான் ஓடாது. ஆனால் போன வியாழக்கிழமை துறைமுகத்தில் தமிழரசி என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, திங்கக்கெழம வரைக்கும் பாக்குறோம். செட்டு மாட்டுனா ஒங்க வண்டி. இல்லாட்டி அருள்ராஜ் வண்டி. அஞ்சு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

தமிழரசியோடு சேர்த்து ஐந்து பெண்கள். விடிகாலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு என் வேனில் ஏறி, நெரவி, போலகம் என்று தெருத்தெருவாக இறங்கி விற்பார்கள். மதியம் நானே திரும்ப ஏற்றி வருவேன். ஆறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. முழங்கால் போனவனை எவனும் படகில் ஏற்றமாட்டான்.

அருள்ராஜ் போன மாதம்தான் புது வேன் எடுத்தான். முன்னால் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி செட்டு. அதில் பாட்டும் கேட்கும், ஆடுகிறவர்களும் தெரிவார்கள். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, ஆட்டத்தைப் பார்ப்பானா? இதைக் கேட்டால் என்னைக் கிழவன் என்பார்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி நீலாயதாட்சிக்கு யோசிக்கவே நேரம் பிடிக்கவில்லை.

"அவளுவொ போயிட்டா நீங்க பகல் பூரா வூட்டுலதான் கெடப்பீங்க. அது எனக்கு ஆவாது. போயி ஒரு செட்டு வாங்கி மாட்டுங்க."

கடைக்காரர்களை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. தமிழரசியையும் நம்பவில்லை. நான் எதை வாங்கி மாட்டினாலும் நொட்டை சொல்லுவாள். அதனால் சனிக்கிழமை மதியம் மற்ற நாலு பேரையும் இறக்கிவிட்டு, "நீயே வந்து பாத்து எடு. அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது" என்று அவளை நேராகப் பாரதியார் ரோட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். விற்காத நாலு சங்கரா மீனோடு கூடையும் கடைக்குள் வந்தது. கூடையை விட்டு அவள் நகர மாட்டாள். அவர்கள் ஐந்து பேருமே அப்படித்தான். காலில் கூடை இடித்துக்கொண்டிருந்தால்தான் மனசு நிற்கும்.

கடைக்காரர் நாகூர் மீரான், நாற்பது வயது இருக்கும், சென்ட் போட்ட மனிதர். கூடையைப் பார்த்ததும் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

"வாங்க பெரியவரே. எவ்வளவுக்குள்ள பாக்குறீங்க?"

"அத ஏன் மொதல்லயே கேக்குறீங்க? பொருளக் காட்டுங்க."

சுவரில் பலகை அடித்து ஏழெட்டு செட்டுகள் மாட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் கரண்ட் உண்டு. கடையின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர். நடுவில் பெரிய கண்ணாடி செட்டு ஒன்று. அதன் அடியில், குமிழ் வைத்த சின்ன செட்டு.

"இது ஆண்ட்ராய்டு. மேப்பு, வீடியோ, பின்னாடி கேமரா எல்லாம் வரும். தொட்டாப் போதும்."

தமிழரசி தொட்டாள். கண்ணாடி சும்மா இருந்தது. மறுபடி அழுத்தினாள். பாட்டுக்குப் பதிலாக மேப் வந்தது. மூன்றாம் தடவை சத்தம் தானாக ஏறி ஏறி மீரானே காதைப் பொத்திக்கொண்டார். கை ஈரமாக இருந்தால் அது அப்படித்தானாம்.

"தொடச்சிட்டுத் தொடுங்கம்மா."

"தொடச்சிட்டுத்தான் பாய் தொட்டேன்."

"இவ கை காஞ்சு நான் பாத்தது இவ கல்யாணத்தன்னிக்குத்தான்" என்றேன்.

"ஒங்க வாயி ஓஞ்சு நான் பாத்ததே இல்ல மாமா."

நான் குமிழ் வைத்ததைக் காட்டினேன். "இதத் திருப்பினா சத்தம். அந்தப் பக்கம் திருப்பினா சத்தம் இல்ல. இதுக்கு மேல ஒனக்கு என்னடி வேணும்?"

"இது ஆட்டோவுல வெக்கிறது. எங்களுக்கு அருள்ராஜ் வண்டியில இருக்குற மாரி வேணும்."

மீரானுக்கு அது போதும். "போனக் குடுங்கம்மா. ஒயரே இல்லாம ஒங்க பாட்டு இதுல வரும்" என்று வாங்கி எதையோ தட்டினார்.

"ஒயர் இல்லாம எப்படிப் போவுது?" என்றேன்.

"ப்ளூடூத் பெரியவரே."

"பேரு கேக்கல. எப்படிப் போவுதுன்னு கேட்டேன்."

அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத்தான் விற்கிறார்.

பாட்டு நாலு மூலையிலிருந்தும் அதிர்ந்தது. தமிழரசிக்கு வாயெல்லாம் பல். ஐந்து பேரின் ஈரக் கைக்கு அந்தக் கண்ணாடி ஒரு மாதம் தாங்காது. வாங்காவிட்டால் அவர்கள் தாங்க மாட்டார்கள். மீரான் போனைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கையோடு பாட்டு நின்று, மணி அடித்தது. தமிழரசி யார் என்று பார்த்தாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போனைக் காதில் வைத்து, ரகசியமாக "ம், சொல்லு" என்றாள்.

"அக்கா, திங்கக்கெழம அஞ்சரைக்கு டாண்ணு வந்துருவேன்" என்றது சுவர். "அஞ்சு பேரும் ரெடிதானே? கெழவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

அருள்ராஜ் குரல், நாலு மூலை ஸ்பீக்கரிலும். தமிழரசி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையால் பொத்தினாள். முந்தானையில் சுருட்டினாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். கடைசியில் போனைக் கூடைக்குள் போட்டு, மேலே சங்கராவை வைத்து, ஐஸையும் அள்ளிப் போட்டாள்.

"இன்னமும் செட்டு பாக்குறேன்னு சுத்துறாராமே? சுத்தட்டும், சுத்தட்டும். நீங்க திங்கக்கெழம வந்து ஏறுனாப் போதும்."

மீரான் செட்டை அணைக்கப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கோபம் வந்ததா என்றால், வந்தது. இவள் மகளைப் பிரசவத்துக்கு மழையில் கொண்டுபோய்ச் சேர்த்தது இதே வண்டி.

"ஒண்ணே ஒண்ணுக்கா. கூடய மட்டும் உள்ள ஏத்த முடியாது. சீட்டெல்லாம் புதுசு. செட்டு ஒயரும் கீழதான் ஓடுது, மீன் தண்ணி பட்டாப் பூடும். மேல கேரியர் போட்டுருக்கேன். அஞ்சு கூடயும் கட்டிரலாம்."

தமிழரசி ஐஸைத் தள்ளிவிட்டுப் போனை வெளியே எடுத்தாள்.

"என்னடா சொன்ன? கூட மேலயா?"

"தார்ப்பா போட்டு மூடிரலாம்க்கா."

"தார்ப்பா சூட்டுல மீனு வெந்துரும்டா! வெந்த மீன எவடா வாங்குவா?"

"ஆளு உள்ள குளுகுளுன்னு ஒக்காரலாம்லக்கா."

"மீன வெயில்ல போட்டுட்டு நான் குளுகுளுன்னு எங்கடா போறேன், மாங்கனித் திருவிழாவுக்கா?"

"யக்கா, ஒங்க சத்தம் ஏன் ரெண்டு ரெண்டா வருது?"

"வைடா போன!"

விட்ட இடத்திலிருந்து பாட்டு மறுபடி ஓடியது. மீரான் மெதுவாக அதை நிறுத்தினார்.

"மாமா..."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க சொல்லாம இருக்குறதுதான் பயமா இருக்கு."

"எத்தினி நாளா இந்தப் பேச்சு?"

"போன வாரத்துலேருந்து. மத்தவளுவதான் ஆசப்பட்டாளுவொ."

"நீ ஆசப்படல."

"பட்டேன்" என்றாள். "ஒங்க சீட்டுல ஸ்பிரிங்கு குத்துது மாமா. ஆறு வருசமாக் குத்துது."

அது உண்மைதான்.

"திங்கக்கெழம எந்த வண்டி?"

"கூடைக்கு எங்க எடமோ அங்கதான் எங்களுக்கும் எடம். அவளுவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு அந்தக் கண்ணாடி செட்டின் மேல் ஆசை வந்தது. நான் கேட்காமலே உண்மையைச் சொன்ன பொருள் இத்தனை வயதில் அது ஒன்றுதான்.

"இதையே மாட்டிருங்க பாய்."

"வேணாம்!" தமிழரசி எனக்கும் பலகைக்கும் நடுவில் வந்து நின்றாள். "போனு பேசாததாக் குடுங்க."

"சின்னதுலயும் ப்ளூடூத் இருக்கும்மா. வேணாம்னா அணைச்சு வெச்சிரலாம்" என்றார் மீரான்.

"அணைச்சது அணைஞ்சே கெடக்கும்னு என்ன நிச்சயம்?"

இது நான் கேட்க வேண்டிய கேள்வி. ஆறு வருடம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்ததில் அவளுக்கும் கொஞ்சம் புத்தி ஒட்டியிருக்கிறது.

மீரான் உள்ளே போய், தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு குமிழ், ரேடியோ, பென்டிரைவ் சொருக ஒரு பொந்து, அவ்வளவுதான். குலுக்கிப் பார்த்தேன், உள்ளே எதுவும் ஆடவில்லை. தமிழரசி ஈரக் கையால் குமிழைத் திருப்பினாள். திரும்பியது. விலையை எழுத மாட்டேன். மீரான் கொஞ்சம் இறங்கி வந்தார், நாலு சங்கராவையும் வாங்கி வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பிரிங்கை மடக்கிவிட்டு, சீட்டின் மேல் இரட்டைச் சாக்கு வைத்துத் தைத்தேன்.

திங்கட்கிழமை அருள்ராஜ் வண்டி எனக்கு முன்னாலேயே துறைமுகத்தில் நின்றது, கண்ணாடியில் எவளோ ஆடிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரும் ஏலம் முடிந்து வந்தார்கள். தமிழரசி அந்தக் கேரியரைக் கையால் காட்டி ஏதோ சொன்னாள். நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு என் வண்டியில் கூடையை ஏற்றினார்கள். கடைசியாக ஏறிய பாரதிப்ரியா செட்டில் பென்டிரைவைச் சொருகினாள். வண்டி தெரு திரும்புவதற்குள், ஏலத்தில் யார் யாரை முந்தினது என்று சண்டை ஆரம்பித்தது. நெரவி வரை ஓயவில்லை. குமிழைக் கடைசி வரை திருப்பியும், என்ன பாட்டு ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை.