பலகைக்கு அடியில் கிடந்தவை

அந்த வெட்டு மேசையைப் பதினாலு வருஷமாக யாரும் நகர்த்தியதில்லை. நாலு காலையும் பலகைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. இன்றைக்கு அதைக் கழற்றி, நாலு பெண்கள் சேர்ந்து தள்ளியதும், அடியில் எலி அரித்துக் கையகலம் ஓட்டையாகியிருந்த பலகை மளுக்கென்று முழுசாக உடைந்தது. உள்ளே கையை விட்ட பூமாரி முதலில் எடுத்தது ஒரு பித்தளை பக்கிள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கை நிறைய.

தாராவியில் அந்தத் தோல்பைப் பட்டறை மாடியில் இருந்தது. கீழே சோப்புக் கிடங்கு. மேலே பலகை, கீழே தகரம், நடுவில் ஒரு முழ இடைவெளி. கட்டடம் இடிபடப் போகிறது, பட்டறை வசாய் பக்கம் போகிறது என்று காலி செய்யாவிட்டால் அதை யார் திறந்து பார்த்திருக்கப் போகிறார்கள்? ஜிப் ரன்னர்கள், யாரோ ஒருத்தியின் மெட்டி, பல் போன சீப்பு, அதோடு பழைய கட்டர் சங்கரனின் மேல்வரிசைப் பல்செட். அந்தப் பல்செட் தொலைந்து அவர் ஒரு மாதம் கஞ்சி குடித்தது ஞாபகம் வந்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூமாரியும்தான். பிறகு தூசிக்குள்ளிருந்து அவளுடைய தோட்டுத் திருகாணி வந்தது. அதற்கும் அடியில் ஒரு பெரிய மீரட் கத்திரி, பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. அதைப் பார்த்ததும் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

முன்பு இங்கே வேலை பார்த்த ராபியா பிடித்த பட்டறைக் கத்திரி. விரலைக் கடிக்கிறது என்று அவளே சுற்றிய நூல்.

தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பெண்கள் இரும்பு ஏணியில் இறங்கி, கடைசிப் படியில் நின்று, கீழே சந்துப் பக்கம் பார்த்து இரண்டு கையையும் தூக்க வேண்டும். எதையும் ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பூமாரி தடவிப் பார்ப்பாள். "பொம்பளையளப் பொம்பளதான் தொடணும். நீ நம்பிக்கையான ஆளு," என்று முதலாளி மாரிக்கண்ணன் அண்ணாச்சி அவளுக்குக் கொடுத்த வேலை. அதில் அவளுக்குப் பெருமை வேறு! ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கத்திரி காணாமல் போனது. இரண்டு நாள் முந்தி திருகாணி. அண்ணாச்சி கேட்டபோது பூமாரி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "திருகாணி போனப்ப ராபியா பக்கத்துலதான் அண்ணாச்சி உக்காந்திருந்தேன்." அது போதுமாக இருந்தது. சந்தில் குழாய்த் தண்ணீருக்கு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் ராபியாவைக் களவாணி என்று கத்தி, அவள் டிபன் டப்பாவை மாடியிலிருந்து எறிந்தார். அன்றைக்கும் ராபியாவைத் தடவியது பூமாரியின் கைதான். அவளிடம் ஒன்றும் இல்லை என்று அந்தக் கைக்குத் தெரியும்.

அண்ணாச்சி வந்து கத்திரியைப் பார்த்தார். "அட, இங்கயா கெடந்துச்சு?" என்றார். அவ்வளவுதான். "சரி, குப்ப கச்ராவக் கோணில அள்ளுங்க. டெம்போ வந்துரும்."

"அண்ணாச்சி, ராபியா?"

"அது ஆச்சு ஆறு வருசம். இப்ப எதுக்கு அத நோண்டிக்கிட்டு? சோடு, விட்டுத் தள்ளு."

சோடாம்! எப்படித்தான் வாய் வருகிறதோ! ஒருத்தியின் பெயரை நடுச்சந்தில் போட்டு மிதித்த மனுஷனுக்கு, அதை எடுத்துத் துடைத்துக் கொடுக்க நேரமில்லை, டெம்போ வருகிறதாம். பூமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இவரிடம் மட்டுமா இருந்தது? உள்ளங்கையில் திருகாணி உறுத்திக்கொண்டே இருந்தது. கத்திரியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாலம் ஏறி இறங்கினால் மாஹிமில் ராபியா வீடு பத்து நிமிஷம். ஆறு வருஷமாக அவள் நடக்காத பத்து நிமிஷம். ராபியா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மேச அடியில கெடந்துச்சு ராபியா. என் திருகாணியும். அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

ராபியா கத்திரியைப் புரட்டினாள். நூலைப் பார்த்தாள். திரும்ப முன்னால் தள்ளினாள்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தே? அந்தச் சந்து வழியாப் போனா களவாணி மவளேன்னு சொல்லுவாங்கன்னு எம்மவ இஸ்கூலுக்கு ஊரச் சுத்திப் போனா. யாருக்குத் தெரியாதோ அவங்ககிட்டப் போய்க் காட்டு."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பூமாரி திரும்பி வந்தபோது மணி ஆறரை. சந்தில் தண்ணீர் வந்திருந்தது. குடங்களும் ஆட்களுமாக நெரிசல். டெம்போவில் மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. அவள் நேரே போய் ஏணியின் கடைசிப் படியில் ஏறிச் சந்துப் பக்கம் பார்த்து நின்றாள்.

"அங்க என்ன பண்ணுத? எறங்கு. வண்டி நிக்குல்லா."

"சோதன போடலியா அண்ணாச்சி? பட்டறையிலேருந்து கத்திரி கொண்டு போறேன்." அவள் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "ராபியா களவாண்டுட்டான்னு இதே எடத்துல வச்சுச் சொன்னியளே, அந்தக் கத்திரி. மேச அடியில கெடந்துச்சு. அவமேல கையக் காட்டி விட்டவ நான்தான். வந்து தடவிப் பாருங்க."

அண்ணாச்சி கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். வரிசையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பூமாரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள், ஒன்றில் கத்திரி, ஒன்றில் திருகாணி. குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.