பல்லிகுயுவில் இறங்கி ஏறிய கதை

1

இது ஒரு சுற்றுலாக் கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சென்னையிலிருந்து ஓர் இதழாசிரியர் கேட்டிருந்தார்: துருக்கியின் இஸ்மிர் நகரில் வெளியூர்க்காரர்கள் எட்டிப்பார்க்காத பகுதிகள், அங்கே குடிக்க என்ன கிடைக்கும், படங்களோடு. இந்த ஊரில் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

(மலைச்சரிவில் அடுக்கடுக்காய் நிற்கும் வண்ண வீடுகளின் மேல் அந்திச் சூரியன் தன்)

தன் என்ன? அதற்குமேல் ஓடவில்லை. பல்லிகுயு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது சூரியன் இல்லை. முஸெய்யென் அக்கா ரிஃப்கி மேல் கைப்பையை ஓங்கியதுதான். கட்டுரை போயிற்று, இது வந்தது.

2

முஸெய்யென் அக்கா என் எதிர் வீட்டுக்காரர். தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியாயிற்று. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால், "நேரம் கெடைக்கல" என்பார். வளைகுடாவின் வடகரையில், கார்ஷியாகாவில், மேசை போல் சமமான ஒரே தெருவில் வாழ்ந்தவர்.

அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டவர் ரிஃப்கி. பயணிகள் படகுகளில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர், மனைவியை இழந்தவர். வீடு எதிர்க்கரையில், பல்லிகுயு மேட்டில்.

(தமிழ் வாசகருக்கு: பல்லிகுயுவில் பல்லி கிடையாது. தேன்கிணறு என்று பொருள். தேனையும் நான் பார்த்ததில்லை.)

"தெருவையும் வீட்டையும் பாத்துட்டுத்தான் பதில்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்கா என்னையும் கூப்பிட்டார். "நீ எழுதறவதானே, கூட வா. எனக்குக் கண்ணு மயங்கினாலும் உனக்கு மயங்கக் கூடாது."

ரிஃப்கியை எழுதுவதுதான் சிரமமாக இருந்தது. முதல் வரைவில் மிக நல்லவராக வந்துவிட்டார். யார் நம்புவார்கள்? இரண்டாம் வரைவில் கொஞ்சம் சாராயம் குடிக்க வைத்தேன். துருக்கி மொழியில் அதைச் சொல்லிக் காட்டியபோது அக்கா சீறினார்: "டீயத் தவிர அந்த மனுஷன் எதையும் தொட்டதில்ல. என் கதைக்குள்ள பொய்யக் கொண்டு வராதே." நியாயம்தான். அவருக்கு நான் குறை தேடியிருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அவரே ஒன்று கொண்டுவந்திருந்தார்.

3

எதிர்க்கரையில், கொனாக் படகுத்துறையில், ரிஃப்கி டாக்சியோடு காத்திருந்தார். டாக்சி கோட்டைப் பக்கமாகச் சுற்றி, அவர் வீடு இருக்கும் மேட்டின் உச்சியில் எங்களை இறக்கியது. "மொதல்ல தெரு, கடைசியா வீடு" என்றார். படிப்படியாக இறங்கினோம். வளைகுடா முழுவதும் தெரியும் சுவர், வாசலில் மிளகாய் உலர்த்தும் வீடுகள், சன்னலுக்குச் சன்னல் கட்டிய கொடியில் ஆடும் துணிகள். அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தார். பாதிப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடிவாரத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஷாஸியே என்ற பெண் போட்டு உடைத்தாள்.

"என்ன ரிஃப்கி அண்ணே, டாக்சியெல்லாம் கீழ வந்து காத்துக்கிட்டு நிக்குது? தெனமும் ரெண்டு பையத் தூக்கிக்கிட்டு ஆடு மாதிரி ஏறுவீங்க. இன்னைக்கு மாப்பிள்ளை முறுக்கோ?"

அக்கா திரும்பி மேலே பார்த்தார். படிகளுக்கு முடிவே தெரியவில்லை.

"ரொட்டி வாங்க எப்படி வருவீங்க?"

"நடந்துதான்."

"படகுக்கு?"

"அதுவும்... நடந்துதான்."

"என் முழங்கால் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரிஞ்சதாலதானே டாக்சி வெச்சேன்."

கைப்பையை ஓங்கியது அப்போதுதான். அடிக்கவில்லை. "மறைச்சிட்டீங்களே மனுஷா! சொல்லியிருந்தா, ஏறலாமா வேண்டாமான்னு நான்ல முடிவு பண்ணியிருப்பேன்?"

"சொன்னா வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன்" என்றார் ரிஃப்கி. காதெல்லாம் சிவந்திருந்தது.

(இங்கே ஒரு முடிவு இருக்கிறது. அக்கா படகேறிப் போய்விடுகிறார், கடற்பறவைகள். எழுதியும் பார்த்தேன், அழகாகவே வந்தது. ஆனால் அது நடக்கவில்லை.)

4

"டாக்சிய அனுப்பிடுங்க" என்றார் அக்கா. கைப்பையை ரிஃப்கியிடம் கொடுத்தார். ஏற ஆரம்பித்தார்.

ஷாஸியே ஒரு கையில் முக்காலியும் மறு கையில் பாட்டிலுமாகப் பின்னாலேயே ஓடிவந்தாள். முழங்கால் மறுத்த இடத்தில் எல்லாம் முக்காலி விழுந்தது. பாட்டிலில் சூப்யே: முலாம்பழ விதையை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டிச் சர்க்கரை சேர்த்த பால்.

"சக்கரை கம்மியா இருக்கே?" என்றார் அக்கா.

"நீங்க இன்னும் ஏறணும்கா. கனமா குடிச்சா எப்படி?"

இன்னொரு வாசலில் டீ வந்தது. கோப்பை காலியாகும் முன்பே அந்த வீட்டு மாமியார் மருமகள் சண்டை முழுவதும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்பும் சொன்னார். "கல்யாணம் எப்போ?" என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள். "முழங்கால்கிட்ட கேட்டுச் சொல்றேன்!" என்று அக்காவும் கத்தினார். தெருவே சிரித்தது. ரிஃப்கி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, திட்டு வாங்கிய மாணவன் போல் சற்றுப் பின்னால் வந்தார்.

(இந்த ஏற்றத்தை விரிவாக வர்ணிக்க ஆசை. எனக்கே மூச்சு வாங்கியதில் பாதியைக் கவனிக்கவில்லை.)

5

ரிஃப்கி வீட்டு மாடியில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எதிரே தண்ணீருக்கு அப்பால் அவருடைய கரை. பிறகு என்னைப் பார்த்தார்.

"கீழ போய் ஷாஸியேகிட்ட இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வாயேன்."

எனக்குள் இருந்த எழுத்தாளர் நகரமாட்டேன் என்றார். எனக்குள்ளேயே இருந்த எதிர் வீட்டுக்காரி எழுந்து போய்விட்டாள். மெதுவாக இறங்கினேன், ஷாஸியேயின் கதையெல்லாம் கேட்டேன், அதைவிட மெதுவாக ஏறினேன். எனவே இந்தக் கதையின் முக்கியமான பேச்சு என்னிடம் இல்லை. கற்பனை செய்யலாம்தான். அக்காவுக்குப் பொய் பிடிக்காது.

கதவருகே வந்தபோது காதில் விழுந்தது இவ்வளவே:

"என் பீரோ இந்த மாடிப்படியில திரும்பாது."

"கயிறு கட்டி சன்னல் வழியா ஏத்திரலாம்."

"சன்னல் சின்னது."

"உடைச்சிரலாம்."

"நல்ல சன்னலப் போய் ஒடைப்பாங்களா!"

"அப்ப பீரோவ ரெண்டா அறுத்து..."

"எங்கம்மா பீரோ! தொட்டுத்தான் பாருங்களேன்!"

நான் கதவைத் தட்டவில்லை. வெளிப்படியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தேன். சன்னலா பீரோவா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவசரமில்லை. சூப்யே ஜில்லென்று இருக்கிறது, உள்ளே அவர்கள் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.