பத்தாம் நாள் எண்ணிக்கை

என் வேலை நிற்பதும் போவதும் அன்று சோள விதைகளின் கையில் இருந்தது.

துடியலூரில் ஒரு விதைக் கம்பெனி ஆய்வகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு முடிந்தால்தான் நிரந்தரம். ஈரமான பிளாட்டர் தாளில் நானூறு விதைகளைப் பரப்பி, பத்தாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணுவது என் வேலை. "ஆபீசுல கையெழுத்து மேல ஒத்தற தாளா? அதுல வெதையா?" என்று சிரித்தாள் என் அம்மா மாசாணியம்மாள். பக்கத்து மேசை பூஜிதாவோ அதே பெயரில், மூக்கில் எண்ணெய் ஒற்றும் தாளைக் கைப்பையில் வைத்திருந்தாள். உறிஞ்சத் தெரிந்தால் எல்லாம் பிளாட்டர்தான்.

போன மாதம் ஒரு சோள மூட்டை நூற்றுக்கு நாற்பத்தொன்றுதான் முளைத்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். முதலாளியின் மகன் சாய்சரண் அதை மேசையில் எறிந்தார்.

"தண்ணிய ஊத்தி வெதைய அழுக வெச்சுப்போட்டு ரிப்போர்ட் எழுதறயா? காட்டுல மடை திருப்பற மாதிரி இங்க ஊத்தக் கூடாதும்மா."

என் அப்பா காளிச்சாமி அடுத்தவர் காட்டில் மடை திருப்பியவர். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. சாய்சரண் எதைச் சொன்னார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தாள விரலால அழுத்திப் பாத்தனுங்க. வெரலச் சுத்தித் தண்ணி கோக்கலீங்க, ஈரம் அளவாத்தான் இருந்துச்சுங்க."

"மறுபடி போடு. இதுவும் கெட்டா பையத் தூக்கிட்டுக் கெளம்பிக்கோ."

போட்டேன். ஆனால் என் கைமேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் பெரிய ஆத்திரம். யாரிடமும் சொல்லாமல், அதே மூட்டையில் இன்னொரு நானூறு விதை எடுத்து, கழுவிச் சூடாக்கி ஆறவைத்த ஆற்று மணலில் ஊன்றி வைத்தேன்.

பத்தாம் நாள் முதலாளி திருமலைசாமியே வந்து நின்றார். தாளில் நூற்றுக்கு நாற்பத்துமூன்று. சாய்சரண் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க, இதையும் எண்ணிப்போடுங்க." மணல் தட்டுகளை இழுத்து வைத்தேன்.

முதலாளியே எண்ணினார். நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு.

"அதே மூட்டையா அம்மணி?"

"அதே மூட்டைதானுங்க. அதே கைதானுங்க."

தாளில் முளைத்தவற்றின் வேர்நுனி எல்லாம் தீய்ந்ததுபோல் பழுப்பு. மணலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். "தாள்ல ஏதோ மருந்து இருக்குதுங்க. இந்தக் கட்டு போன மாசந்தான் வந்துச்சுங்க."

"எங்கடா வாங்குன?"

சாய்சரண் கழுத்தைத் தடவினார். "மேட்டுப்பாளையத்துல நைனா... கல்யாணப் பத்திரிகை அடிக்கறவன்கிட்ட மிச்சம் கெடந்துச்சு. பாதி வெலை."

"சரி, வெதைக்குக் கல்யாணம் பண்ணப் பாத்தியாக்கும்?"

பூஜிதா சிரிப்பை அடக்க மூக்கை ஒற்றிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளுக்குப் பின் மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. மன்னிப்பை யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் நினைக்கவில்லை.

"ரிப்போர்ட்ல நீயே கையெழுத்துப் போடு அம்மணி. தாளும் இனி நீ பாத்துத்தான் வாங்கோணும். நிரந்தர ஆர்டரை இன்னைக்கே அடிக்கச் சொல்றேன்." தன் மைப் பேனாவை நீட்டினார்.

இதுவரை என் எண்ணிக்கைக்குச் சாய்சரண்தான் கையெழுத்துப் போட்டார். கா. அன்புச்செல்வி என்று எழுதினேன். பேனாவை அழுத்தியதில் மை குளமாக நின்றது. அந்தப் பாழாய்ப்போன கட்டிலிருந்தே ஒரு தாளை உருவி ஒற்றினேன். ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது.

"இதுக்காவது ஆகுதே," என்றேன், சாய்சரண் காதில் விழும்படி.