முதல் பக்கம் இல்லாத அறிக்கை

வீட்டில் 'வாலு' என்று கூப்பிடும் மகளின் அறிவுத்திறன் சோதனை முடிவு வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கே ஸ்கூல்ல காட்டிடணும். ரெண்டு கிளாஸ் தாண்டிப் போட்டுடுவாங்க" என்றார்.

அம்மா பல் மருத்துவமனையில் நர்ஸ். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லும்முன் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவது அவள் வழக்கம். இதையும் முதலில் மகளிடமே கேட்டாள்.

"டீச்சர்கிட்ட சொல்லட்டுமாடி?"

"சொல்லும்மா. ஆனா மார்க்கைச் சொல்லாத. கணக்குப் பீரியட்ல தூக்கம் தூக்கமா வருதுன்னு மட்டும் சொல்லு. கிளாஸ் தாண்டியெல்லாம் போக மாட்டேன். குண்டூசி தனியா உக்காந்திருப்பா."

குண்டூசி அவளுடைய பக்கத்து இருக்கைத் தோழி.

மறுநாள் அம்மா பள்ளிக்குப் போனதும் ஆசிரியை முந்திக்கொண்டார். "கவனிக்கவே மாட்டேங்கிறா. எப்பப் பாரு ஜன்னலையே பாக்குறா."

அம்மா அறிக்கையை நீட்டினாள். படிக்கப் படிக்க ஆசிரியையின் முகம் மாறியது.

"முதல் பக்கத்தைக் காணோமே?"

"அதுலதான் மார்க் இருக்கு. காட்ட வேணாம்னு அவளே சொல்லிட்டா, மிஸ். கணக்குப் பீரியட்ல தூக்கம் வருதுன்னு மட்டும் சொல்லச் சொன்னா."

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து வாலு கணக்குக்கு மட்டும் மேல் வகுப்புக்குப் போனாள். மற்ற நேரமெல்லாம் குண்டூசியின் பக்கத்தில்தான். அப்பா சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை, மகள் பள்ளிக்கூடக் கதையை மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்ததும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தார்.